அரசியல் படிப்பு யாருக்கு? கடன் சீட்டு யாருக்கு?

"அரசியல் படித்தால் சோறு போடுமா?"

ஏழை வீட்டுப் பையனோ பெண்ணோ கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்க விரும்பினால் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். அமெரிக்காவில் இந்தக் கேள்வியை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தால் எவ்வளவு கடன் ஏறும், படித்து முடித்தபின் எவ்வளவு சம்பளம் வரும் என்று அந்நாட்டு சர்க்காரே 2015 முதல் பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. 2019 முதல் பாடவாரியாகவும் கணக்கு வந்துவிட்டது. "கடனைச் சம்பளத்தால் வகுத்துப் பார், விடை சரியாக வந்தால் படி, வராவிட்டால் வேறு வேலையைப் பார்" என்கிறார்கள் அறிவுரையாளர்கள்.

கணக்குப் பார்ப்பது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். வாரக் கூலியில் அரிசிக்கு எவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு, வட்டிக்காரனுக்கு எவ்வளவு என்று பிரித்து வைக்கும் வீடுகள் நம்முடையவை. கணக்குப் பார்க்காமல் ஒரு நாள்கூட நமக்கு விடியாது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்ற பழமொழியே நம்முடைய கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். உழக்கு மிஞ்சவில்லை என்றால் குற்றம் உழுதவனுடையதா, குத்தகை வாங்கியவனுடையதா? இந்தப் படிப்புக் கணக்கிலும் அதே கேள்விதான். சம்பளம் ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம் என்று தராசில் வைக்கிறார்களே, அந்தக் கடன் எங்கிருந்து வந்தது? அதை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் விடுவதில்லை. நாம் கேட்போம்.

இலவசம் எப்படிக் கடனாயிற்று?

அமெரிக்காவில் ஆதிமுதலே கல்லூரிப் படிப்பு கடன் படிப்பாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரில் 1847-ல் ஏழைகளுக்கென்றே ஓர் இலவசக் கல்லூரி நிறுவப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த நகரச் சர்வகலாசாலையில் தையல் தொழிலாளியின் மகனும் துறைமுகத் தொழிலாளியின் மகளும் கட்டணமில்லாமல் படித்தார்கள். ஏறக்குறைய 130 ஆண்டுகள் இது நடந்தது. 1976-ல் நகர நிர்வாகம் பணமுடையில் சிக்கியபோது, முதல் வெட்டுகளில் ஒன்று இந்த இலவசக் கல்வியின் மேல் விழுந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் கறுப்பின, போர்ட்டோரிக்கப் பிள்ளைகளுக்கும் வாசல் அகலத் திறந்த சில ஆண்டுகளிலேயே கட்டணம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

கலிபோர்னியா மாகாணத்திலும் இதே கதைதான். அங்கே மாகாணச் சர்வகலாசாலையில் உள்ளூர் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது 1868-லிருந்து வந்த கொள்கை. 1967-ல் ரொனால்டு ரீகன் கவர்னராக வந்தார். வெறும் அறிவு ஆவலுக்கு வரி கட்டுகிறவர்கள் மானியம் கொடுக்கத் தேவையில்லை என்று அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பகிரங்கமாகச் சொன்னார். இதன் உட்பொருளை அவருடைய கல்வி ஆலோசகர் ரோஜர் ஃப்ரீமன் 1970 அக்டோபரில் நிருபர்களிடம் மூடி மறைக்காமல் போட்டு உடைத்தார். படித்த பாட்டாளி வர்க்கம் ஒன்று உருவாகும் ஆபத்து வந்துவிட்டது, அது வெடிமருந்துக்குச் சமம், ஆகவே உயர்கல்விக்குள் யாரை விடுவது என்பதைப் பொறுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

தோழர்களே, இதை ஒரு தரத்துக்கு இரு தரம் படியுங்கள். "அரசியல் படிப்பு சோறு போடாது" என்று நமக்குச் சொல்கிறவர்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சோற்றைப் பற்றிப் பேசவில்லை. வெடிமருந்தைப் பற்றிப் பேசினார்கள்!

மாணவனுக்கு மட்டும் மாளாத கடன்

கட்டணம் ஏற ஏற, "கவலைப்படாதே, கடன் தருகிறோம்" என்றார்கள். 1965 நவம்பரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம் மாணவர் கடனுக்கு சர்க்காரே ஜாமீன் என்றது. 1972-ல் ஏழை மாணவர்களுக்கு மானியமும் வந்தது. பெல் மானியம் என்று அதற்குப் பெயர். 1970-களின் நடுவில் அதன் உச்ச அளவு பொதுக் கல்லூரிச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கை ஈடு செய்தது. இன்று மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. மானியம் தேய்ந்தது, கடன் வளர்ந்தது.

வளர்ந்த கடனைத் திருப்ப முடியாவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் வியாபாரி நொடித்துப் போனால் திவால் மனுப் போடலாம். சூதாடித் தோற்றவன்கூட மனுப் போடலாம். மாணவன் மட்டும் போட முடியாது! 1976-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம், முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கல்விக் கடனைத் திவாலில் தள்ளக்கூடாது என்றது. 1990-ல் ஐந்து ஏழாயிற்று. 1998-ல் கால வரம்பே போயிற்று. 2005-ல் தனியார் கொடுத்த கல்விக் கடனுக்கும் இதே பாதுகாப்பு கிடைத்தது. தாங்க முடியாத கொடுமை என்று கோர்ட்டில் தனியாக நிரூபித்தாலொழிய, கடன் ஆயுளுக்கும் கூடவே வரும்.

தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க்குப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டு கிடந்த குடும்பங்களின் கதை அவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1976-ல். அதே 1976-ல்தான் அமெரிக்கா தன் மாணவனைக் கடனில் கட்டிப்போடத் தொடங்கியது!

இப்போது கணக்கைப் போடுவோம். கடன் வாங்கிப் பட்டப்படிப்பு முடிக்கும் அமெரிக்க மாணவனின் தலையில் சுமார் 30,000 டாலர் நிற்கிறது. 2024-25 ஆண்டுக்கு சர்க்கார் வைத்த வட்டி நூற்றுக்கு 6.53. இந்த வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதம் சுமார் 341 டாலர் கட்ட வேண்டும். மொத்தம் 40,900 டாலருக்கு மேல் போகும். வாங்கியது மூன்று பங்கு, கொடுப்பது நான்கு பங்கு. நாடு முழுவதும் இப்படி 4 கோடிக்கு மேற்பட்டவர்கள் சர்க்காருக்குக் கடன்பட்டு நிற்கிறார்கள். தொகை 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல்.

2022 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் ஆளுக்கு 10,000 டாலரும், பெல் மானியம் பெற்ற ஏழைகளுக்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி என்று அறிவித்தார். செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2023 ஜூன் 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். தள்ளுபடி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சரி, பொதுப் பணத்தில் அவ்வளவு சிக்கனமா? 2008-ல் பாங்கிகள் தம் சூதாட்டத்தால் கவிழ்ந்தபோது அவற்றைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. 2020-ல் கொரோனா காலத்தில் கம்பெனிகளுக்குச் சம்பளக் கடன் என்று தொடங்கியது சுமார் 80,000 கோடி டாலர் வரை போயிற்று. அதில் மிகப் பெரும்பகுதி பிற்பாடு தள்ளுபடி! கம்பெனியின் கடன் தள்ளுபடியானால் அது பொருளாதார மீட்சி. மாணவன் கடன் தள்ளுபடியானால் அது ஊதாரித்தனம். இதுதான் அவர்கள் நீதி.

அரசியல் படித்தவன் பட்டினியா?

வருமானப் பக்கத்தையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் அரசியல் அறிவியல் பட்டதாரியின் முதல் சம்பளம் என்ஜினீயருடையதைவிடக் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளியோடு நின்றவரைவிடச் சராசரியில் அவர் கூடுதலாகவே சம்பாதிக்கிறார். வயது ஏற ஏற வருமானமும் ஏறுகிறது. ஆக, படிப்பு பட்டினி போடவில்லை. முதல் ஐந்தாறு வருஷம் கைக்கு வரும் கொஞ்சத்தையும் கடன் தின்றுவிடுகிறது என்பதே நோய்.

அந்த முதல் வருஷங்களில்தான் சூட்சுமமே இருக்கிறது. அரசியல் படித்தவன் நல்ல உத்தியோகத்துக்குப் போக வேண்டுமானால் தலைநகரில் சில மாதம் பயிற்சி வேலை பார்த்தாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குக் கூலி? 2022 வரை வெள்ளை மாளிகையிலேயே பயிற்சி மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது! நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் பயிற்சி பெறுவோருக்கு ஊதியம் தரத் தனி நிதி வந்ததே 2018-க்குப் பிறகுதான். வாஷிங்டனில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டு, கடனுக்கு மாதத் தவணையும் கட்ட யாரால் முடியும்? அப்பன் செக் எழுதும் வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். மெக்கானிக்கின் மகன் அதே பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறான். பிறகு பட்டியல் போடுகிறவர்கள் வந்து, "பார், அரசியல் படித்தும் இவன் சம்பாதிக்கவில்லை" என்று குறித்துக்கொள்கிறார்கள்.

பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தத் தராசைத் தூக்குகிறார்களா? இங்கிலாந்தைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டப்படிப்பு ஒன்று 1920 வாக்கில் தொடங்கியது. அதைப் படித்துப் பிரதமரானவர்கள் பலர். டேவிட் காமரூன் அவர்களில் ஒருவர். அவர் 1988-ல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பிரிட்டிஷ் மாணவனுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் வந்தது. 2006-ல் அது 3,000 ஆயிற்று. காமரூன் பிரதமரானதும் 2010 டிசம்பரில் ஓட்டெடுத்து, 2012 முதல் 9,000 பவுன் வரை வாங்கலாம் என்றார்கள். தான் ஏறி வந்த ஏணியைத் தானே எட்டி உதைத்தார்!

புதிய அளவுகோல்

2025 ஜூலை 4-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பணக்காரர்களுக்கு வரிக் குறைப்பை அள்ளிக் கொடுத்த அதே சட்டத்தில் படிப்புக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு பட்டப்படிப்பை முடித்தவர்களின் நடுமட்ட வருமானம், பள்ளியோடு நின்று வேலைக்குப் போன இளைஞர்களின் நடுமட்ட வருமானத்தைவிடக் குறைந்தால், மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அப்படிக் குறைந்தால், அந்தப் படிப்புக்கு சர்க்கார் கடன் நிற்கும். 2026 ஜூலை முதல் என்று விதி எழுதினார்கள். மேற்படிப்புக்கு மொத்தக் கடன் 1,00,000 டாலர், வக்கீல், டாக்டர் போன்ற படிப்புக்கு 2,00,000 டாலர் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

"இதில் என்ன தவறு? ஏமாற்றுக் கல்லூரிகளிடமிருந்து ஏழையைக் காப்பாற்றத்தானே?" என்பார்கள். ஏமாற்றுக் கல்லூரிகள் இருப்பது உண்மை. அவற்றை ஒடுக்க வேண்டியதும் உண்மை. அரசியல் அறிவியல் படிப்புகளில் பெரும்பாலானவை இந்த அளவுகோலைத் தாண்டிவிடும் என்பதும் உண்மையே. ஆனாலும் இவர்கள் செய்தது என்ன? கட்டணத்தைக் குறைத்தார்களா? இல்லை. மானியத்தைப் பழைய அளவுக்கு உயர்த்தினார்களா? இல்லை. கடனை மட்டும் நிறுத்துகிறார்கள். பணக்காரன் கைக்காசைக் கொடுத்து எந்தப் பாடமும் படிப்பான். ஏழைக்கு மட்டும் கதவு சாத்தப்படும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது!

இன்னொரு வாதமும் உண்டு. "மில் தொழிலாளி கட்டும் வரியில் ஒருவன் அரசியல் படிப்பதா? அது நியாயமா?" நம் பெயரைச் சொல்லியே நம்மை மடக்கப் பார்க்கிறார்கள். நாம் பதில் சொல்கிறோம்: ஆம், நியாயம்தான். படிப்பது நம் பிள்ளையும் என்றால் முழுக்க முழுக்க நியாயம். 2025 நவம்பர் 21-ம் தேதி நம் நாட்டில் 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 தொகுப்புகள் அமலுக்கு வந்தன. எட்டு மணி நேர வேலை, ஆட்குறைப்பு, வேலைநிறுத்த நோட்டீஸ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதை எழுதினவர்கள் அரசும் சட்டமும் கற்றவர்கள். அதை வரிவரியாகப் படித்து, எந்த ஷரத்தில் நம் கழுத்துக்குக் கயிறு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல நமக்கும் கற்றவர்கள் வேண்டாமா? நில உச்சவரம்பு, குறைந்தபட்சக் கூலி, ரேஷன் எல்லாம் அரசாட்சி விவகாரங்கள்தான். நம்மை ஆளும் வித்தையை நாம் கற்கக்கூடாது என்றால், ஆளப்படுவது மட்டுமே நம் தொழிலா?

டாக்டர் அம்பேத்கரை எண்ணிப் பாருங்கள். 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போய் அரசியல் அறிவியல் பீடத்தில் சேர்ந்தார். பொருளாதாரம், வரலாறு, சமூக இயல் எல்லாம் கற்றார். வட்டிக்கடன் அவரை அங்கே அனுப்பவில்லை. பரோடா சமஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் அனுப்பியது. "இந்தப் படிப்பில் முதல் வருஷச் சம்பளம் என்ன?" என்று தராசு தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படித்துத் திரும்பியபின் பரோடா உத்தியோகத்தில் சாதிக் கொடுமை தாங்காமல் அவர் வெளியேற நேர்ந்தது. அந்த வருஷத்துச் சம்பளக் கணக்கில் அவர் படிப்பு "நஷ்டம்"தான். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக அவர் அமர்ந்ததை எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதுவது?

நம் வீட்டுக் கணக்கு

நம் நாடு மட்டும் வேறு வழியில் போகிறதா? 2009-ல் மத்திய சர்க்கார் ஏழை மாணவர் கல்விக் கடனுக்கு வட்டி மானியத் திட்டம் கொண்டுவந்தது. எந்தப் படிப்புக்கு? தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்புகளுக்கு. பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு அதில் இடமில்லை. அதே அளவுகோல்தான்; முத்திரை மட்டும் வேறு.

சரி, "சோறு போடும்" என்று சொல்லப்பட்ட படிப்பின் கணக்கையும் பார்ப்போம். தனியார் கல்லூரியில் நான்கு வருஷ என்ஜினீயரிங். பாங்கிக் கடன் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம். வட்டி ஒரு பேச்சுக்கு நூற்றுக்குப் பத்து. வட்டி மானியம் கிடைக்கவில்லை என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் ஏறியிருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். பையனுக்கு என்ஜினீயர் வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பாங்கி யாரைத் தேடி வரும்? பத்திரத்தில் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட அப்பனைத் தேடி வரும். அரசு கலைக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில், கடனில்லாமல் அரசியல் அறிவியல் படித்த பிள்ளை, எந்தப் பட்டமானாலும் போதும் என்ற சர்க்கார் பரீட்சைகளை எழுதலாம். மூன்று வருஷ சட்டப் படிப்புக்கும் போகலாம். இந்த இரண்டில் எது ஆபத்தான படிப்பு? பாடத்தின் பெயரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். கடன் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கணக்குப் பாருங்கள், ஆனால் முழுக் கணக்காகப் பாருங்கள். பக்கத்து அரசுக் கல்லூரியில் அதே பாடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தனியார் கல்லூரிக் கட்டடத்தின் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். கடன் வாங்கித்தான் தீர வேண்டுமென்றால், வட்டி எந்தத் தேதியிலிருந்து ஏறுகிறது, மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டும், வேலை கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண் பிள்ளை அரசியல் படிக்க ஆசைப்பட்டால், "உனக்கெதற்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஊரில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

"இலவசக் கல்விக்குப் பணம் எங்கே?" என்று கேட்கிறவர்களுக்கு ஜெர்மனியைக் காட்டுங்கள். அங்கே சில மாகாணங்கள் 2006 வாக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கின. மாணவர்கள் எதிர்த்தார்கள், பெற்றோர்கள் எதிர்த்தார்கள். ஒவ்வொரு மாகாணமாகப் பின்வாங்கி, 2014-க்குள் பொதுக் கல்லூரிகளில் உள்நாட்டு மாணவரின் முதல் பட்டத்துக்கு வைத்த கட்டணத்தை எல்லா மாகாணங்களும் எடுத்துவிட்டன. அது முதலாளித்துவ நாடுதான். மனமும் நிர்ப்பந்தமும் இருந்தால் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி அது.

படிப்பைச் சம்பளத்தால் அளக்கும் தராசு நம் கைக்கு வரட்டும். ஒரு தட்டில் கடனை வைப்போம். மறு தட்டில் சம்பளத்தை மட்டும் வைக்காமல், நம் பிள்ளைகள் படிக்காததால் நமக்கெதிராக எழுதப்பட்ட சட்டங்களையும் வைப்போம். எந்தத் தட்டு தாழ்கிறது என்று அப்போது பார்ப்போம்!